முனிசிபாலிட்டிச் சம்பளமும் வருணாசிரம தருமமும்

பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி, கார்ப்பொரேஷன் என்னும் ஸ்தல ஸ்தாபனங்களில் யாருக்கு என்ன சம்பளம், அதை நிர்ணயிப்பது யார் என்பதைப் பற்றி நம் மக்கள் யோசிப்பதே இல்லை. வீட்டு வரி ஏறினால் கூச்சல் போடுகின்றோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலரைத் திட்டுகின்றோம். ஆனால் நாம் கொடுத்த வரி எந்தக் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகின்றது என்று கேட்பதில்லை. ஓர் ஊரின் யோக்கியதையை அறிய வேண்டுமானால் அதன் கோவிலையும் தேரையும் பார்க்க வேண்டியதில்லை, அதன் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம். அந்தப் பட்டியலைத்தான் இந்த வாரம் வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சம்பளத்தை எடுத்துக் கொள்வோம். “பொதுஜன சேவைக்குக் கூலி எதற்கு? சம்பளம் வாங்கினால் அது சேவையாகுமா?” என்று சில பெரிய மனிதர்கள் கேட்கின்றார்கள். கேட்பதற்கு இது வெகு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் இப்படிக் கேட்பவர் யார் என்று பாருங்கள். நெல் விற்ற பணம் பெட்டியில் இருப்பவர் கேட்பார். வட்டிக் கணக்கு வைத்திருப்பவர் கேட்பார். அன்றாடம் மண்வெட்டி பிடித்தால்தான் அடுப்பு எரியும் என்கிற ஒருவராவது இப்படிக் கேட்டு நாம் பார்த்ததில்லை. சம்பளமில்லாத பதவி என்றால், சம்பளம் தேவையில்லாதவனுக்கு மட்டுமே உரிய பதவி என்றுதான் அர்த்தம். பெரியார் காங்கிரசில் சேருவதற்கு முன் ஈரோடு முனிசிபாலிட்டியில் சேர்மனாக இருந்து ஊழியம் செய்தார். அவர் கடை வைத்திருந்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் அது முடிந்தது. அதே ஈரோட்டில் அன்று மூட்டை தூக்கிய ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

இந்த விஷயத்தை மேல்நாட்டு ஏழைகள் நூறு வருஷங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இங்கிலாந்துத் தொழிலாளிகள் 1838-இல் வெளியிட்ட சாசனத்தில் கேட்ட ஆறு கோரிக்கைகளில், பார்லிமெண்டு மெம்பர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பதும் ஒன்று. பணக்காரர்களின் சம்பாத்தியத்தைக் கூட்டுவதற்காக அவர்கள் அதைக் கேட்கவில்லை. தங்களில் ஒருவன் அங்கே போய் உட்கார்ந்தால் அவன் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகவே கேட்டார்கள். கேட்டது கிடைக்க 1911 வரை ஆயிற்று. அந்த வருஷந்தான் வருஷத்துக்கு 400 பவுன் என்று முதன்முதலாகச் சம்பளம் ஏற்பட்டது.

நம் நாட்டில் என்ன நடக்கின்றது? நகர மன்றங்களின் மெம்பர்களுக்கு 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாதந்தோறும் “மதிப்பூதியம்” என்று ஏற்படுத்திற்று. கார்ப்பொரேஷன் மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. முனிசிபல் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, கவுன்சிலருக்கு 5,000. பேரூராட்சித் தலைவருக்கு 10,000, துணைத் தலைவருக்கு 5,000, கவுன்சிலருக்கு 2,500. இதை நாம் குறை கூறவில்லை, வரவேற்கின்றோம். ஆனால் கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு? 1,000 ரூபாயாக இருந்ததை 2,000 ஆக்கினார்கள். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஆறு நாள் மண் சுமந்தால் 2,016 ரூபாய். அதாவது ஊரையே ஆளுவதாகச் சொல்லப்படும் தலைவருக்கு ஒரு மாதத்துக்கு, ஆறு நாள் மண் சுமப்பவருக்குக் கிடைப்பதுகூட இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? இரண்டு மாடி வீடும் தோப்பும் உள்ள தலைவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு 2,000 ரூபாய் வெற்றிலை பாக்குச் செலவு. தனித் தொகுதியில் நின்று ஜெயித்த ஆதிதிராவிடப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். சட்டம் அவருக்கு நாற்காலி கொடுத்தது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தாலும் 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தாலும் அந்த உரிமை வந்தது. 2016-இல் பெண்களுக்குப் பாதி இடம் என்றும் ஆயிற்று. ஆனால் நாற்காலியைக் கொடுத்தவர்கள் அதில் உட்காருகிறவருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. தலைவராகியும் அவர் யாருடைய வயலில் களையெடுக்கப் போக வேண்டியிருக்கின்றதோ, அந்த வயல்காரர் துணைத் தலைவராகவோ மெம்பராகவோ எதிரே உட்கார்ந்திருப்பார். காலையில் கூலி கொடுக்கிறவரை மாலையில் கூட்டத்தில் “உட்காருங்கள், உங்கள் முறை வரட்டும்” என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

இது கற்பனையல்ல. 2020-இல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டைப் பஞ்சாயத்தில் தலைவரையே தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. அதற்கும் முன்னால் 1997-இல், மதுரை ஜில்லா மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் ஜாதி வெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். இவ்வளவு வெறியையும் ஒரு சம்பளம் ஒழித்து விடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவன் கையை எதிர்பார்க்காத வயிறு இருந்தாலல்லவா நிமிர்ந்து நிற்க முடியும்? ஆகவே பஞ்சாயத்துத் தலைவருக்கு மரியாதையாகப் பிழைக்கத்தக்க சம்பளம் வேண்டும் என்பதும் சுயமரியாதைக் கோரிக்கையே ஆகும்.

நிற்க. இனிச் சம்பளப் பட்டியலின் அடிப்பக்கத்துக்கு வருவோம்.

ஒரு கார்ப்பொரேஷன் தெருவில் மூன்று பேர் துடைப்பம் பிடித்திருக்கின்றார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். துடைப்பம் ஒன்றே, தெரு ஒன்றே, நாற்றமும் ஒன்றே. முதல் ஆள் நிரந்தரச் சிப்பந்தி. அவருக்கு அரசாங்க விகிதப்படிச் சம்பளம். 2016 ஜனவரியிலிருந்து கணக்கிடப்பட்ட அந்த விகிதத்தில் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 15,700 ரூபாய். அதன்மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, லீவு எல்லாம் உண்டு. இரண்டாவது ஆள் தினக்கூலி அல்லது சுய உதவிக் குழு என்கிற பெயரில் வந்தவர். ஜில்லா கலெக்டர் வருஷந்தோறும் நிர்ணயிக்கும் நாள் கூலிதான் அவருக்குக் கணக்கு. வராத நாளுக்குக் கூலி இல்லை. மூன்றாவது ஆள் கண்டிராக்டரின் ஆள். கார்ப்பொரேஷன் கண்டிராக்டருக்கு என்ன கொடுத்தது என்பது அவருக்குத் தெரியாது. கண்டிராக்டர் என்ன பிடித்துக் கொண்டார் என்பது கார்ப்பொரேஷனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கிராமத்துக்குப் போனால் நாலாவது ஆளையும் காணலாம். “தூய்மைக் காவலர்” என்று அவருக்குப் பெயர். பெயரைக் கேட்டால் சேனாதிபதி என்று தோன்றும். மாதம் 3,600 ரூபாயாக இருந்து, பிறகு 5,000 ஆயிற்று. குப்பைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 166 ரூபாய்ச் சில்லறை. மேலே சொன்ன நூறு நாள் கூலியில் பாதிகூட நிறையவில்லை. பட்டம் கொடுப்பதற்குச் செலவில்லை, அதனால் தாராளமாகக் கொடுக்கின்றார்கள். ஒரு காலத்தில் “அரிஜன்” என்று கடவுள் பெயரைச் சூட்டிவிட்டுச் சேரியை அப்படியே வைத்திருந்தார்கள். இப்போது “காவலர்”, “தூய்மைப் பணியாளர்” என்று பெயர் சூட்டிவிட்டுக் கூலியை அப்படியே வைத்திருக்கின்றார்கள்.

நிரந்தர ஆளைவிடக் கண்டிராக்டு ஆள் குறைவாகக் கூட்டுகின்றாரா என்றால் இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-லேயே சொல்லிற்று. சர்க்காரில் தற்காலிகமாக வேலை செய்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் மறுபடியும் சொல்லிற்று. தமிழ்நாட்டுத் தொழிலாளர் இலாகாவே 2017 அக்டோபரில் 62-ஆம் எண் உத்தரவு போட்டு, ஸ்தல ஸ்தாபன வேலைக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி கொடுக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. அதற்குப் பிறகு தொழிலாளர்கள் செய்த கிளர்ச்சிகளில் முக்கிய கோஷம் என்ன? “62-ஆம் உத்தரவை அமல் நடத்து” என்பதே! சர்க்காரே உத்தரவு போடுகின்றது, சர்க்காரின் கீழ் உள்ள ஸ்தாபனமே அதைக் கொடுக்கவில்லை, கொடு என்று கேட்டவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கின்றது. ஒரு முதலாளி இப்படிச் செய்தால் அவன் மேல் கேஸ் போட இன்ஸ்பெக்டர் வருவார். முனிசிபாலிட்டியே முதலாளியானால் இன்ஸ்பெக்டர் எங்கே போவார்?

சென்னையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். தங்கள் மண்டலங்களைத் தனியார் கம்பெனிக்கு விடக்கூடாது, தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதுவரை ஏறத்தாழ 23,000 ரூபாய் வந்தது, கம்பெனிக்குப் போனால் 16,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடைபாதையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று ஹைகோர்ட்டு உத்தரவிட, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களைப் பிடித்துக் கொண்டு போனார்கள். சுதந்திர தினக் கொடி ஏற்ற இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்தக் கட்டிடத்துக்குப் பெயர் கொடுத்த ரிப்பன் பிரபுதான் 1882-இல் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர். தங்கள் ஊர்க் காரியத்தைத் தாங்களே பார்த்துக் கொள்ள மக்கள் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் தங்கள் கூலியைப் பற்றிப் பேச அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு நாற்காலி இல்லை. வாசலில்தான் உட்கார வேண்டியிருந்தது. அங்கும் உட்கார விடவில்லை.

மறுநாளே மந்திரி சபை கூடிச் சில திட்டங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று, துப்புரவுத் தொழிலாளருக்கு இலவசமாகக் காலைச் சாப்பாடு. பசித்தவருக்குச் சோறு போடுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது சோறல்ல, கூலி. பண்ணையார் தன் ஆளுக்குக் கூலி கொடுக்க மாட்டார். கஞ்சி ஊற்றுவார், தீபாவளிக்கு வேட்டி கொடுப்பார், அதைத் தருமம் என்பார். கூலி கொடுத்தால் வாங்கினவன் தன் இஷ்டப்படி வாங்கித் தின்பான், பிள்ளையைப் படிக்க வைப்பான், நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடுவான். கஞ்சி ஊற்றினால் நாளைக்கும் கஞ்சிக்காக வருவான். கூலி உரிமை, கஞ்சி பிச்சை. இந்த வித்தியாசத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்த இயக்கத்தின் பெயரால் ஆட்சி நடத்துவதாகச் சொல்லிக் கொண்டவர்கள் அன்று அதை மறந்தது நியாயமா என்று கேட்கின்றோம்.

“பணமில்லை, நிரந்தரமாக்கினால் கார்ப்பொரேஷன் திவாலாகிவிடும்” என்பது அதிகாரிகள் சொல்லும் சமாதானம். பணமில்லை என்பது உண்மையானால், ஆளையும் கூலியையும் கொடுத்து அதன் மேல் கம்பெனிக்கு லாபமும் கொடுப்பதற்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனி என்ன தருமத்துக்கா துடைப்பம் பிடிக்கின்றது? லாபம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். லாரியின் விலையைக் குறைக்க முடியாது, பெட்ரோல் விலையைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஆளின் கூலி ஒன்றுதான். சிக்கனம் என்று பெயர் சொல்லி, ஏழையின் வயிற்றிலிருந்து எடுத்துப் பணக்காரனிடம் கொடுப்பதே இதன் ரகசியம்.

பணமில்லாத சமயத்தில் பெரியவர்கள் தங்கள் விஷயத்தில் எப்படி நடந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2018 ஜனவரியில் பஸ் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கஜானா காலி என்றார்கள். அதே நாட்களில் சட்டசபை மெம்பர்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கும் மசோதா சட்டசபைக்கு வந்தது. கஜானாவுக்கு இரண்டு கதவு உண்டு போலும்!

இனி, அடிப்படையான கேள்விக்கு வருவோம். குமாஸ்தா வேலையைக் கண்டிராக்டருக்கு விட்டால் அவன் சங்கம் வைத்துச் சண்டை போடுகின்றான், ஊரார் அவன் பக்கம் பேசுகின்றார்கள். துடைப்ப வேலையை விட்டால் மட்டும் ஊர் ஏன் பேசாமல் இருக்கின்றது? காரணம் இரகசியமல்ல. துடைப்பம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர், அதிலும் அருந்ததியர். “அவர்கள் வேலை அது, அவர்களுக்கு அது போதும்” என்கிற எண்ணம் வீட்டுக்கு வீடு இருக்கின்றது. பார்ப்பன சாஸ்திரம் வேலையைப் பிறப்பினால் பங்கிட்டது, கூலியையும் பிறப்பினாலேயே பங்கிட்டது. உட்கார்ந்து மந்திரம் சொன்னவனுக்குப் பூமி தானம், ஊரின் மலத்தைச் சுமந்தவனுக்கு எச்சிற் சோறு. சாஸ்திரத்தை நாம் எரித்தோம். ஆனால் அதன் நகல் ஒன்று முனிசிபல் ஆபீஸ் அலமாரியில் சம்பளப் பட்டியல் என்கிற பெயரில் பத்திரமாக இருக்கின்றது. அதைக் காப்பாற்றுவதில் பார்ப்பனரல்லாத பெரிய மனிதர்களும் சளைத்தவர்களல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லுகின்றோம்.

மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. செத்தவரின் விலையை நிர்ணயிக்கப் பெரிய கோர்ட்டு இருக்கின்றது. உயிரோடு இருப்பவரின் கூலியை ஒழுங்காக நிர்ணயிக்க அவருடைய ஊரில் ஒரு சபை இல்லை.

ஆம், இதுதான் விஷயத்தின் மர்மம். கவுன்சிலரின் படியை மேலே இருக்கும் சர்க்கார் நிர்ணயிக்கின்றது. சிப்பந்தி சம்பளத்தையும் சர்க்கார் நிர்ணயிக்கின்றது. தினக்கூலியைக் கலெக்டர் நிர்ணயிக்கின்றார். கண்டிராக்டு ஆளின் கூலியைக் கண்டிராக்டர் நிர்ணயிக்கின்றார். வரி கொடுக்கும் ஊராரோ, வேலை செய்யும் தொழிலாளியோ எந்த இடத்திலும் இல்லை. இதற்குத்தான் ஸ்தல சுயாட்சி என்று பெயர்!

“அப்படியானால் ஊர் மன்றமே தன் சம்பளத்தைத் தானே போட்டுக் கொள்ளட்டும் என்கிறீர்களா?” என்று கேட்கலாம். கண்ணை மூடிக் கொண்டு அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பக்கத்தில் பெல் என்று ஒரு சிறு நகரம். ஏழைத் தொழிலாளிகள் நிறைந்த ஊர். 2005-இல் ஒரு தனி எலெக்ஷன் வைத்து, கவுன்சிலர் சம்பளத்துக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு தங்களுக்குப் பொருந்தாதபடி ஊரின் அந்தஸ்தை மாற்றிக் கொண்டார்கள். அந்த எலெக்ஷனில் வோட்டுப் போட்டவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. 2010-இல் பத்திரிகைக்காரர்கள் கிளறிப் பார்த்தபோது, நகர நிர்வாகி ராபர்ட் ரிஸோ வருஷத்துக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலரும், பகுதி நேரக் கவுன்சிலர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரும் வாங்கிக் கொண்டிருந்தது தெரிய வந்தது. ஊரார் கொதித்தெழுந்து கவுன்சிலர்களை விரட்டினார்கள். ரிஸோவுக்கு 2014-இல் பன்னிரண்டு வருஷத் தண்டனை கிடைத்தது, கவுன்சிலர்கள் பலரும் தண்டனை அடைந்தார்கள். வெள்ளைக்காரன் நாடானாலும் இருட்டில் வைத்த பணம் காணாமல்தான் போகும் என்பது இதன் பாடம். அதே தேசத்தின் அரசியல் சட்டத்தில் ஒரு நல்ல விதியும் இருக்கின்றது. 1789-இல் யோசனை செய்து 1992-இல் நிறைவேறிய 27-ஆவது திருத்தத்தின்படி, காங்கிரஸ் மெம்பர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக் கொண்டால் அடுத்த எலெக்ஷன் முடிந்த பிறகே அது அமலுக்கு வரும். தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக் கொள்ளாமல், ஜனங்களிடம் ஒரு முறை கேட்டுவிட்டு எடுத்துக் கொள் என்பது அதன் பொருள்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். கிராமத்தலைவர் முதல் மேயர் வரை பதவிக்குப் பிழைக்கத்தக்க சம்பளம் இருக்கட்டும், ஆனால் உயர்வு எதுவானாலும் அடுத்த எலெக்ஷனுக்குப் பிறகே வரட்டும். ஒரே துடைப்பத்துக்கு ஒரே கூலி என்பது எழுத்தில் மட்டுமின்றிக் கையிலும் வரட்டும். நிரந்தரமாக நடக்கும் வேலைக்கு நிரந்தர ஆள் இருக்கட்டும், குப்பை தினம் விழும்போது கூட்டுகிறவர் மட்டும் ஏன் தற்காலிகமாக இருக்க வேண்டும்? கூலி நிர்ணயிக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். தலைவர் படி முதல் தூய்மைக் காவலர் கூலி வரை, கண்டிராக்டருக்குக் கொடுப்பது உட்பட, முழுப் பட்டியலும் ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இதற்காக யாரும் டில்லிக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மே 1-ஆம் தேதி கிராமசபை கூடும் வழக்கம் இருக்கின்றது. தொழிலாளர் தினம் என்று அன்று பேசுவார்கள். கிராமத்திலுள்ள நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, “நம் ஊரைக் கூட்டுகிறவருக்கு மாதம் என்ன கூலி? போன மாதக் கூலி எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? படித்துக் காட்டுங்கள்” என்று கேட்க வேண்டுகின்றோம். பட்டணத்துத் தோழர்கள் தங்கள் வார்டுக் கூட்டத்தில் கண்டிராக்டு ஆளின் கூலிச் சீட்டைக் கேட்க வேண்டுகின்றோம். துடைப்பம் பிடிக்கும் தோழரையும் கூட அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக் கொண்டு, அடுத்த எலெக்ஷனில் வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகு வோட்டைப் பற்றிப் பேசலாம்.